எட்டு வருஷம் மூட்டை கட்டிய டாக்டர்

1905-ம் வருஷம் அக்டோபர் 13-ந் தேதி. பாரிஸ் நகரில் 30 வயது மனிதர் ஒருவர் சில கடிதங்களைத் தபால் பெட்டியில் போட்டார். பெற்றோருக்கும் நெருங்கிய நண்பர்களுக்கும் எழுதியவை. வைத்தியம் படிக்கப் போகிறேன், பிறகு ஆப்பிரிக்காவுக்குப் போய் அங்குள்ள நோயாளிகளைக் கவனிக்கப் போகிறேன் என்பதுதான் விஷயம்.

அவர்தான் ஆல்பர்ட் ஷ்வைட்சர். அப்போது ஜெர்மனியின் வசம் இருந்த அல்சேஸ் பகுதியில் ஒரு பாதிரியாரின் மகன். ஸ்ட்ராஸ்பர்க் நகரில், பாதிரிமார்களாகப் போகும் மாணவர்களின் கல்லூரிக்குத் தலைவர். மாதா கோவில்களில் வாசிக்கும் ஆர்கன் வாத்தியத்தில் பெயர் பெற்றவர்.

30 வயது வரை படிப்பும் சங்கீதமும், அதன் பின் தொண்டு என்று 21 வயதிலேயே தீர்மானித்திருந்தார். என்ன தொண்டு என்றுதான் தெரியவில்லை. 1904-ல் அவருடைய மேஜை மேல் ஒரு பத்திரிகை கிடந்தது. ஆப்பிரிக்காவில் காபோன் நாட்டில் ஊழியத்துக்கு ஆள் போதவில்லை என்று அதில் எழுதியிருந்தது. தேடியது கிடைத்துவிட்டது!

கடிதம் கண்டவர்கள் திடுக்கிட்டார்கள். நண்பர்கள் சண்டைக்கே வந்தார்கள். பெரிய தளபதி சாதாரணச் சிப்பாயாகப் போவதா என்று ஆர்கன் குரு வீடோர் கோபித்தார். ஷ்வைட்சர் அசையவில்லை. நேற்றுவரை வாத்தியாராக இருந்தவர், இளம் பிள்ளைகளோடு மாணவராக உட்கார்ந்தார். கல்லூரிப் பாடம், கோவில் பிரசங்கம், இரவில் புத்தகம் எழுதுதல் எல்லாம் கூடவே நடந்தன. தூக்கத்துக்கு நேரம் ஏது? பரீட்சைக் கட்டணத்துக்கு, மூனிக் நகரில் ஆர்கன் வாசித்துக் கிடைத்த பணம் உதவியது. 1911-ல் பரீட்சை முடிந்தது.

ஆனால் அவரை அனுப்ப வேண்டிய பாரிஸ் மிஷன் சங்கம் தயங்கியது. அவருடைய சமயக் கருத்துக்கள் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. அங்கத்தினர்களைத் தனித்தனியாகப் போய்ப் பார்த்தார். வைத்தியம் மட்டும் செய்வேன், பிரசங்கம் செய்யமாட்டேன் என்று ஒப்புக்கொண்டார். சங்கத்தின் பணமும் வேண்டாம் என்றார்.

பணத்துக்கு வீடு வீடாக ஏறி இறங்கினார். விருந்தாளியாகப் போனபோது கண்ட முகம் வேறு, கை நீட்டிப் போனபோது கண்ட முகம் வேறு. இந்த வேதனை நம் ஊரில் கலியாணத்துக்குக் கடன் கேட்டவர்களுக்குத் தெரியும். ஆனாலும் பலர் தாராளமாகக் கொடுத்தார்கள். கச்சேரிகளும் நடத்தினார்.

1912 ஜூனில் ஹெலன் பிரெஸ்லாவை மணந்தார். அந்த அம்மாள், ஆஸ்பத்திரியில் துணை நிற்பதற்காகவே நர்ஸ் வேலை கற்றிருந்தார். தம்பதிகள் பட்டியல் போட்டுச் சாமான் வாங்கினார்கள். மருந்து, கட்டுத்துணி, கருவிகள் என்று 70 பெட்டிகள் சேர்ந்தன. கையில் 2,000 மார்க் தங்க நாணயமாக எடுத்துக்கொண்டார். யுத்தம் வந்தால் நோட்டு செல்லாமல் போகலாம், தங்கம் எங்கும் செல்லும் என்பது அவர் கணக்கு. 1914-ல் யுத்தம் வந்தது!

1913 மார்ச் 21, பெரிய வெள்ளிக்கிழமை. கன்ஸ்பாக் கிராமத்தில் பெற்றோரிடம் விடைபெற்று ரயில் ஏறினார்கள். போர்தோ பக்கத்தில் கப்பல். ஏப்ரல் 16-ந் தேதி, ஒகோவே ஆற்றங்கரையில் லாம்பரேனே வந்து சேர்ந்தார்கள். கட்டித் தருவதாகச் சொன்ன ஆஸ்பத்திரி அங்கே இல்லை. வேலையாட்கள் எல்லாம் மரவியாபாரத்துக்குப் போய்விட்டார்கள். நோயாளிகளோ வாசலில் காத்திருந்தார்கள். பழைய கோழிக்கூடு ஒன்றைச் சுத்தம் செய்து, சுண்ணாம்பு அடித்து, அதிலே வைத்தியத்தைத் தொடங்கினார். முதல் ஒன்பது மாதத்தில் ஏறக்குறைய 2,000 பேர் வந்தார்கள்.