அப்பாயி மாத்திரை டப்பாவும் டாக்டர் சுப்பாராவும்

இந்த இதழுக்கு ஒரு விஞ்ஞானியைப் பற்றி எழுதச் சொன்னதும் நியூட்டன், ராமன் எல்லாரையும் மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். நான் எடுத்துக்கொண்டது எங்க அப்பாயியின் மாத்திரை டப்பாவுக்குள் இருக்கும் ஒரு விஞ்ஞானியை. பெயர் எல்லாப்பிரகடா சுப்பாராவ்.

1895 ஜனவரி 12-ல் பீமாவரத்தில் பிறந்தார். இப்போ அது ஆந்திரா, அப்போ சென்னை மாகாணம். வீட்டில் வறுமை. மெட்ரிகுலேஷனில் இரண்டு தடவை ஃபெயில். மூணாவது தடவை சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துத்தான் பாஸானார். (இதைப் படித்ததும் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. கணக்கு சார் மன்னிக்கவும்.) அண்ணன் தம்பி இரண்டு பேரை ஸ்ப்ரூ என்ற குடல் நோய் சில நாட்களுக்குள் கொண்டுபோய்விட்டது. சாப்பிடுகிற சத்து உடம்பில் ஒட்டாத நோய் அது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போது காந்தி சொன்னதைக் கேட்டு கதர் அங்கி போட்டார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது.

பிறகு கப்பலேறி அமெரிக்காவில் பாஸ்டன் போனார். பகலில் ஹார்வர்டில் படிப்பு, ராத்திரியில் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் மூத்திரப் பாத்திரம் கழுவுகிற வேலை. அங்கே பெரிய கண்டுபிடிப்புகள் செய்தும் ஹார்வர்டில் நிலையான இடம் கிடைக்கவில்லை. 1940-ல் லெடர்லே என்ற மருந்துக் கம்பெனிக்குப் போனார். நம்ம பக்கம் முன்பு வீடு வீடாகக் கொடுத்தார்களே யானைக்கால் மாத்திரை, அதுவும் அவர் குழுவிலிருந்து வந்ததுதான்.

இப்போ விஷயத்துக்கு வருகிறேன். 1945-ல் அவர் குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. ஸ்ப்ரூ நோய்க்கும் ரத்தசோகைக்கும் மருந்து. அதே குழு, ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கிற மருந்துகளையும் செய்தது. ஃபோலிக் அமிலம் இல்லாமல் செல்கள் பெருகாது. புற்றுநோய் செல்லும் பெருகாது. 1947 கடைசியில் பாஸ்டன் டாக்டர் சிட்னி ஃபார்பர் அதை ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்தார். 16 பேரில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. அதுவரை அந்த நோய்க்கு மருந்தே கிடையாது. அந்த வரிசையில் வந்ததுதான் மெத்தோட்ரெக்சேட். 1948 ஆகஸ்டில் சுப்பாராவ் தூக்கத்திலேயே இறந்துபோனார். வயது 53. ஊருக்குத் திரும்பவே இல்லை.

எங்க அப்பாயிக்கு முடக்குவாதம். விரல் எல்லாம் வீங்கி சொம்பைக்கூடப் பிடிக்க முடியாது. வியாழக்கிழமை மட்டும் மெத்தோட்ரெக்சேட், மற்ற நாளில் ஃபோலிக் அமிலம். இரண்டுமே மஞ்சள் மாத்திரை. மாற்றித் தினமும் போட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் டப்பா அம்மா பொறுப்பு.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. தடுப்பூசி போட்டதும் நம் ரத்தத்தில் எதிர்ப்பு செல்கள் வேகமாகப் பெருக வேண்டும். மெத்தோட்ரெக்சேட் அந்தப் பெருக்கத்தையும்தான் தடுக்கும். நமக்கு இரண்டு ஊசியில் கிடைக்கிற பாதுகாப்பு அப்பாயி மாதிரி ஆட்களுக்குப் பாதிகூடக் கிடைக்காமல் போகலாம். மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களுக்கும் இதே கதைதான். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில், எதிர்ப்பு சக்தி மிகவும் குறைந்தவர்களுக்குக் கொரோனா தடுப்பூசி கூடுதலாக ஒரு தவணை வேண்டும் என்று சொன்னது.

அப்பாயி இரண்டாவது ஊசி போட்டது 2021 ஜூலை. நம் நாட்டில் 2022 ஜனவரி 10-ல் முன்னெச்சரிக்கை தவணை ஆரம்பித்ததும் அப்பா வண்டியில் கூட்டிக்கொண்டு போனார். ஒன்பது மாதம் முடியவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, விதி எல்லாருக்கும் ஒன்றாக இருந்தது. எனக்கு மட்டும் கோபம். ஏப்ரல் வரைக்கும் அப்பாயி கொல்லைப்பக்க அறையிலேயே இருந்தார். நான் ஸ்கூல் விட்டு வந்தால் ஜன்னல் வழியாத்தான் பேசணும்.

ஏப்ரலில் ஊசி போட்டதும் டாக்டர் இரண்டு வியாழக்கிழமை மாத்திரையை நிறுத்தச் சொன்னார். (டாக்டர் சொல்லாமல் யாரும் இப்படிச் செய்யக் கூடாது.) அதே வருஷம் இங்கிலாந்தில் வெளியான ஓர் ஆய்விலும், பூஸ்டருக்குப் பிறகு இரண்டு வாரம் நிறுத்தியவர்களுக்கு எதிர்ப்புப் பொருள் ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்தது. ஆனால் மூட்டு வலியும் சிலருக்குக் கூடியது. அப்பாயிக்கும் கூடியது. இரண்டாவது வாரம் அம்மாதான் சோறு ஊட்டினார். மூணாவது வியாழக்கிழமை, கேட்டு வாங்கி மாத்திரை போட்டுக்கொண்டார்.

சுப்பாராவ் நூற்றாண்டுக்காக 1995-ல் இந்தியா வெளியிட்ட தபால் தலையின் படத்தை இந்தக் கட்டுரைக்காக வரைந்தேன். மேலே ஒட்டியிருக்கிறேன், மூக்கு சரியாக வரவில்லை. அப்பாயி கண்ணாடியைத் துடைத்துவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். இவர்தான் வியாழக்கிழமை மாத்திரைக்காரரா என்று கேட்டார்.