உயிர்களின் எல்லை கண்டவர்

புலி ஆசியக் காடுகளில் வாழ்கிறது. ஆப்பிரிக்கக் காடுகளில் இல்லை. கங்காரு ஆஸ்திரேலியாவில் துள்ளித் திரிகிறது, இந்தியாவில் இல்லை. ஓர் உயிரினம் ஓரிடத்தில் வாழ்வதும் மற்றோரிடத்தில் இல்லாதிருப்பதும் எதனால்? இவ்வினாவுக்கு விடை தேடித் தீவு தீவாக அலைந்தவர் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ்.

இளமையும் வறுமையும்

வாலஸ் 1823ஆம் ஆண்டு சனவரி 8ஆம் நாள் வேல்ஸ் நாட்டில் அஸ்க் என்னும் ஊருக்கு அருகில் பிறந்தார். குடும்பத்தின் வறுமையால் ஏறத்தாழப் பதினான்கு வயதிலேயே அவரது பள்ளிப்படிப்பு நின்றது. அண்ணன் வில்லியத்துடன் நில அளவைப் பணியில் ஈடுபட்டார். அளவுச் சங்கிலியுடன் வயல்வெளிகளில் நடந்தபோது, காலடியில் கண்ட செடிகளின் பெயரை அறியும் ஆர்வம் அவருக்குள் அரும்பியது. 1844இல் லெஸ்டர் நகரப் பள்ளியொன்றில் ஆசிரியரானார். வண்டுகளைச் சேகரித்துவந்த ஹென்றி வால்டர் பேட்ஸ் என்னும் இளைஞரின் நட்பு அங்கே வாய்த்தது.

தீ தின்ற உழைப்பு

1848இல் நண்பர்கள் இருவரும் தென் அமெரிக்காவின் அமேசான் காடுகளுக்குப் பயணமாயினர். பூச்சிகளையும் பறவைகளையும் பதப்படுத்தி இலண்டனுக்கு அனுப்பி, அவற்றை விற்று வந்த பணத்தைக் கொண்டே ஆய்வைத் தொடர்ந்தனர். அகன்ற ஆற்றின் ஒரு கரையில் வாழும் குரங்கினம் மறுகரையில் இல்லாமையை வாலஸ் அங்கே கண்டார். ஆறுகளும் உயிர்களுக்கு எல்லையாகும் என உணர்ந்தார்.

1852இல் தாயகம் திரும்புகையில், அட்லாண்டிக் பெருங்கடல் நடுவே கப்பல் தீப்பற்றியது. அவர் உடன் கொண்டுவந்த அரிய சேகரிப்புகள் எரிந்து அழிந்தன. சிறு படகில் பத்து நாள்கள் தத்தளித்தபின் வேறொரு கப்பலால் மீட்கப்பட்டார். எனினும் அவர் ஊக்கம் எரியவில்லை. இரண்டே ஆண்டுகளில் மலாய்த் தீவுக்கூட்டத்தை நோக்கிப் புறப்பட்டார்.

நீரிணைக்கு அப்பால்

1854 முதல் 1862 வரை எட்டாண்டுகள் அத்தீவுகளில் ஏறத்தாழ 14,000 மைல் பயணம் செய்து, 1,25,000க்கும் மேற்பட்ட உயிரின மாதிரிகளைச் சேகரித்தார். அலி என்னும் மலாய் இளைஞர் அவருக்கு உற்ற துணையாக இருந்தார்.

1856இல் பாலித் தீவிலிருந்து லொம்போக் தீவுக்குக் குறுகிய நீரிணையைக் கடந்து சென்றார் வாலஸ். இரு தீவுகளும் அண்டை நிலங்கள்; தட்பவெப்பமும் ஒத்ததே. ஆயினும் பாலியில் ஆசியப் பறவைகள் வாழ, லொம்போக்கிலோ ஆஸ்திரேலியப் பகுதிக்குரிய காக்கட்டூக்களும் தேனுண்ணிப் பறவைகளும் காணப்பட்டன. தட்பவெப்பமே உயிர்களின் இருப்பிடத்தைத் தீர்மானிக்கும் என்றால் இவ்வேறுபாடு தோன்றியிருக்க இயலாது. நிலத்தின் பழைய வரலாறே இதற்குக் காரணம் என்று அவர் தெளிந்தார். ஆழமற்ற கடலால் சூழப்பட்ட பாலி, போர்னியோ போன்ற தீவுகள் ஒருகாலத்தில் ஆசியப் பெருநிலத்தோடு இணைந்திருந்தன. கடல்மட்டம் தாழ்ந்த காலங்களில் விலங்குகள் அவற்றுக்கு நடந்தே சென்றன. ஆழமிக்க லொம்போக் நீரிணையோ கடல்மட்டம் தாழ்ந்தபோதும் வற்றவில்லை. நீரால் பிரிந்த உயிர்கள் தனித்தனி வழியில் பரிணமித்தன. அவர் வரைந்த அவ்வெல்லை இன்று வாலஸ் கோடு என வழங்கப்படுகிறது.

பகிர்ந்த புகழ்

1858இல் காய்ச்சலால் நடுங்கிய வேளையில், சூழலுக்குப் பொருந்திய உயிர்களே மிகுதியும் பிழைத்துத் தம் இனத்தைப் பெருக்குகின்றன என்னும் இயற்கைத் தேர்வுக் கருத்து அவர் உள்ளத்தில் உதித்தது. அதைக் கட்டுரையாக்கிச் சார்லஸ் டார்வினுக்கு அனுப்பினார். அதே கருத்தை இருபதாண்டுகளாக ஆராய்ந்துவந்த டார்வின் திகைத்தார். 1858 சூலை 1ஆம் நாள் இருவர் எழுத்துகளும் இலண்டன் லின்னேயன் கழகத்தில் ஒன்றாகப் படிக்கப்பட்டன. தொலைதூரத் தீவில் இருந்த வாலஸுக்கு அது முன்கூட்டித் தெரியாது. பிற்காலத்தில் உலகம் டார்வினையே மிகுதியாகப் போற்றியது. ஆயினும் வாலஸ் மனம் புழுங்கவில்லை. 1869இல் வெளியிட்ட தம் பயணநூலை டார்வினுக்கே உரிமையாக்கினார்.

உயிர்களின் உலகப்படம்

1876இல் விலங்குகளின் புவியியல் பரவல் குறித்து இரு தொகுதிகளாக ஒரு பெருநூலை வெளியிட்டார். உலகை ஆறு விலங்கு மண்டலங்களாகப் பகுத்து அதில் விளக்கினார். கீழ்த்திசை மண்டலத்துள் தென்னிந்தியாவையும் இலங்கையையும் சேர்த்து ஓர் உட்பிரிவாக வகுத்தார். பாக் நீரிணையின் இருபுறத்து உயிர்களுக்கும் உள்ள உறவை அப்பகுப்பு காட்டுகிறது.

ஒவ்வோர் உயிரினமும் புவியின் வரலாற்றை எழுதிய எழுத்துகளில் ஒன்று. சில எழுத்துகள் அழிந்தால் வாக்கியம் புரியாமற்போவதுபோல், உயிரினங்கள் அழிந்தால் அவ்வரலாறு தெளிவற்றதாகிவிடும் என்று 1863ஆம் ஆண்டிலேயே அவர் எச்சரித்தார். 1913 நவம்பர் 7ஆம் நாள் தம் தொண்ணூறாம் வயதில் மறைந்தார். காடுகள் சுருங்கிவரும் இக்காலத்தில் அவ்வெச்சரிக்கை முன்னினும் பொருள் மிக்கதாக ஒலிக்கிறது.