22 வயதில் தொடங்கிய பாடம்

ஐந்து ஆண்டு படித்தும் அவருக்கு ஆங்கிலம் சரியாக வரவில்லை. ஆனால் பிற்காலத்தில் அதே ஆங்கிலத்தில் எழுதி, லண்டன் வரை சென்று வாதாடினார். அவர்தான் ராஜாராம் மோகன்ராய்.

வங்காளத்தில் ராதாநகர் என்ற கிராமத்தில் 1772-ம் ஆண்டு பிறந்தார். வசதியான குடும்பம். இளமையிலேயே பாரசீகம், அரபு, சமஸ்கிருதம் மூன்றையும் கற்றார். அந்தக் காலத்தில் கோர்ட்டு, கச்சேரி எல்லாம் பாரசீக மொழியில்தான் நடந்தன. ஆங்கிலம் தெரியாமலே காலம் தள்ளலாம்.

அப்படி இருந்தும் 22-வது வயதில் ஆங்கிலம் படிக்கத் தொடங்கினார்.

ஊன்றிப் படிக்கவில்லை

தொடங்கினாரே தவிர, ஊன்றிப் படிக்கவில்லை. ஐந்து ஆண்டு கழித்தும் சாதாரண விஷயங்களை மற்றவர்களுக்குப் புரியும்படி பேசுவார், அவ்வளவுதான். பிழை இல்லாமல் எழுத வரவில்லை.

பிறகு டிக்பி என்ற ஆங்கிலேய அதிகாரியிடம் வேலைக்குச் சேர்ந்தார். ரங்கபூர் முதலிய ஊர்களில் அவரோடு பணி செய்தார். படிப்பின் போக்கு அங்கேதான் மாறியது.

தபாலே பாடப் புத்தகம்

டிக்பி துரையின் சர்க்கார் கடிதங்களை எல்லாம் மோகன்ராய் கவனமாகப் படித்தார். வெள்ளைக்காரர்களுடன் ஆங்கிலத்திலேயே பேசினார்; அவர்களுக்கு ஆங்கிலத்திலேயே கடிதம் எழுதினார்.

ஆங்கிலப் பத்திரிகைகளையும் விடாமல் படித்தார். ஐரோப்பிய அரசியல் என்றால் அவருக்கு உயிர். நெப்போலியன் நாடு நாடாகப் போர் நடத்திய காலம் அது. செய்தியை அறியும் ஆவலே அவருக்கு வாத்தியார் ஆயிற்று.

இப்படிப் பல ஆண்டுகள் பழகிய பிறகு, பிழையில்லாமல் ஆங்கிலம் எழுதவும் பேசவும் தேர்ந்துவிட்டார் என்று டிக்பி துரையே பின்னால் எழுதி வைத்தார்.

சென்னைக்குப் பதில்

வேலையை விட்டுவிட்டு மோகன்ராய் கல்கத்தாவில் குடியேறினார். வேதாந்தத்தைச் சுருக்கி, 1816-ல் ஆங்கிலத்தில் புத்தகம் வெளியிட்டார். சென்னையில் இருந்த சங்கர சாஸ்திரி என்ற ஆங்கில ஆசிரியர் அவருடைய கொள்கையை மறுத்து, சென்னைப் பத்திரிகை ஒன்றில் எழுதினார். மோகன்ராய் 1817-ல் ஆங்கிலத்திலேயே பதில் வெளியிட்டார்.

தாய்மொழியை மறக்கவில்லை

கணவன் இறந்தால் மனைவியையும் அதே சிதையில் வைத்து எரிக்கும் வழக்கம் அப்போது வங்காளத்தில் இருந்தது. அந்தக் கொடுமையை எதிர்த்து 1818-ல் ஒரு நூல் எழுதினார். முதலில் எழுதியது வங்காளியில். ஊர் மக்கள் மனம் மாற வேண்டும் அல்லவா? பிறகு அதைத் தாமே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அது ஆட்சியில் இருந்தவர்களுக்கு.

1829 டிசம்பர் 4-ந் தேதி, பெண்டிங் பிரபு சட்டம் போட்டு அந்த வழக்கத்தைத் தடுத்தார். பழைய வழக்கமே வேண்டும் என்றவர்கள் லண்டன் பிரிவி கவுன்சிலுக்கு அப்பீல் செய்தார்கள்.

சீமைப் பயணம்

மோகன்ராய் 1830 நவம்பரில் கப்பலேறினார். தடைச் சட்டம் நிலைக்க வேண்டும் என்ற மனுவும் அவரோடு சென்றது. 1832-ல் அப்பீல் தள்ளுபடி ஆயிற்று. சட்டம் நிலைத்தது.

இந்தியாவின் நிலவரி பற்றியும் நீதிமன்றங்கள் பற்றியும் பார்லிமெண்டு கமிட்டி அவரிடம் கேள்விகள் கேட்டது. ஏழை விவசாயி படும் பாட்டை ஆங்கிலத்தில் விளக்கி எழுதிக் கொடுத்தார்.

தாய்நாடு திரும்ப அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1833 செப்டம்பர் 27-ந் தேதி இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரில் காலமானார்.

ஐந்து ஆண்டு ஆகியும் ஆங்கிலம் வரவில்லையே என்று 27 வயதில் அவர் புத்தகத்தை மூடியிருந்தால், லண்டனில் அந்தப் பெண்களுக்காகப் பேச அவர் சென்றிருக்க முடியுமா? வயது ஏறிவிட்டது என்று தயங்குகிறவர்கள் அவரை நினைத்துக்கொள்ளலாம். அன்றாட வேலையில் ஒரு கடிதம், பத்திரிகையில் ஒரு செய்தி, அங்கிருந்தே தொடங்கலாம்.