இரண்டு சத்தங்களுக்கு நடுவே சாது சுந்தர் சிங்



நைட் ஷிப்ட் முடிந்து வந்தும் மனப்போராட்டத்தால் தூங்க முடியாதவர்கள் நம்ம நெய்வேலி சபையிலும் உண்டு. அவர்களுக்காகவே சாது சுந்தர் சிங்கைப் பற்றி எழுதுகிறேன்.

1889-ல் பஞ்சாபிலுள்ள ராம்பூரில் பிறந்தவர், சிறுவயதிலேயே தாயை இழந்தார். துக்கம் கோபமாய் மாறிச்சு. 1904 டிசம்பரில் சுவிசேஷப் புத்தகத்தை எரித்தார், சமாதானம் வரலை. சாகச் சொன்னது ஒரு சத்தம். சத்தியத்தைத் தேடச் சொன்னது இன்னொன்று. இரண்டையும் மறைக்காமல் விடியுமுன் தேவசமுகத்தில் கொட்டினார். இயேசுவைக் கண்டார்! உடனே தகப்பனாரை எழுப்பிச் சொன்னார். 1905-ல் சிம்லாவில் ஞானஸ்நானம் எடுத்து, 1929-ல் திபெத்துக்குப் புறப்படும்வரை ஊழியம் செய்தார்.

நீங்களும் உள்ளே பூட்டி வைக்காதீங்க. கர்த்தரிடம் சொல்லுங்க; என்னிடமும் வாங்க, சேர்ந்து ஜெபிப்போம். டாக்டரிடம் போகவும் வெட்கப்படாதீங்க. அல்லேலூயா!