செவிலியர் குலத் தாய் பிளாரன்ஸ் நைட்டிங்கேல்

மருத்துவத்தின் கூறுகள் நான்கு என்று வகுத்தார் திருவள்ளுவர். நோயாளி, மருத்துவன், மருந்து என்னும் மூன்றோடு நில்லாமல், அருகிருந்து மருந்தளித்துப் பேணுபவனையும் நான்காம் கூறாக வைத்து எண்ணினார். முதல் மூன்றையும் உலகம் எக்காலத்தும் மறந்ததில்லை. நான்காவதையோ நெடுங்காலம் மறந்தே இருந்தது. நோயாளியின் பக்கத்தில் இருப்பது எவருக்கும் எளிதாக வரும் வேலை என்றும், வேறு பிழைப்பில்லாதவர் செய்யும் இழிதொழில் என்றும் கருதிய நாடுகள் பல. அக்கருத்தை மாற்றி, நோயாளியைப் பேணுதல் கற்றுத் தேர வேண்டிய கலை, மதிக்கத்தக்க தொழில் என்று உலகம் ஒப்புமாறு செய்தவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார்.

பிறந்த மண்ணை விட்டுத் தொலைவில் வாழும் நமக்கு அவர் வரலாறு மிகவும் உரியது. நம் வீட்டார் ஒருவர் நோயுற்று மருத்துவமனையில் கிடக்கும் இரவில், உற்றாரும் பெற்றோரும் ஆயிரம் கல்லுக்கு அப்பால் இருக்க, நெற்றியில் கைவைத்துப் பார்ப்பவர் செவிலியரே அல்லவா? அந்தச் செவிலியரை நமக்கு ஆக்கித் தந்தவரை அறிந்துகொள்வது நம் கடன்.

பிறப்பும் வளர்ப்பும்

செல்வமிக்க ஆங்கிலக் குடும்பம் ஒன்று இத்தாலியில் பயணம் செய்துகொண்டிருந்தபோது, 1820ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் நாள், பிளாரன்ஸ் நகரில் அம்மையார் பிறந்தார். பிறந்த ஊரின் பெயரையே பெற்றோர் குழந்தைக்கு இட்டனர். தந்தையார் வில்லியம் எட்வர்டு நைட்டிங்கேல் கல்வியில் ஆழ்ந்த பற்றுடையவர். பெண்களுக்கு இசையும் தையலும் போதும் என்றிருந்த அக்காலத்தில், தம் இரு பெண்மக்களுக்கும் கிரேக்கம், இலத்தீன், வரலாறு, தத்துவம் ஆகியவற்றைத் தாமே கற்பித்தார். இளையவரான பிளாரன்சுக்குக் கணக்கில் தனி விருப்பம் இருந்தது. அந்தக் கணக்கே பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான உயிர்களைக் காக்கும் கருவியாகும் என்று அன்று யார் கண்டார்!

பதினாறு வயதில், 1837ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள், இறைவன் தம்மை ஒரு தொண்டுக்கு அழைத்ததாக அம்மையார் உணர்ந்தார். அத்தொண்டு யாது என்பது தெளிவாக ஆண்டுகள் பல சென்றன. நோயாளிகளைப் பேணுவதே அது என்று தெளிந்தபின், 1845ஆம் ஆண்டில், சாலிஸ்பரி மருத்துவமனைக்குச் சென்று பயில விடுமாறு பெற்றோரைக் கேட்டார். வீடே அதிர்ந்தது. தாயார் கண்ணீர் விட்டார்; தமக்கையார் மனம் உடைந்தார். அவர்களை முற்றும் குறை கூறுவதற்கில்லை. அந்நாளில் இங்கிலாந்தின் மருத்துவமனைகள் அழுக்கும் நாற்றமும் மிக்கவை. அங்குப் பணிபுரிந்த பெண்களுக்குப் பயிற்சி கிடையாது; குடிப்பழக்கம் உடையவர்கள் என்ற கெட்ட பெயரும் உண்டு. அத்தகைய இடத்துக்கு எந்தத் தாய்தான் மகளை அனுப்ப விரும்புவாள்?

ஆயினும் அம்மையார் சோர்ந்துவிடவில்லை. வீட்டார் எழுமுன் வைகறையில் எழுந்து, மருத்துவமனைகளைப் பற்றிய அறிக்கைகளைப் படித்துக் குறிப்பெடுத்தார். பண்பும் புகழும் உடைய ரிச்சர்டு மாங்டன் மில்ன்ஸ் என்பவர் பல ஆண்டுகள் காத்திருந்து மணம் புரியக் கேட்டபோது, மனத்தில் அன்பிருந்தும் 1849ஆம் ஆண்டில் மறுத்துவிட்டார். 1851ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ரைன் ஆற்றங்கரையில் உள்ள கைசர்ஸ்வெர்த் என்னும் ஊருக்குச் சென்று, அங்கிருந்த கிறித்தவத் தொண்டு நிலையத்தில் மூன்று மாதம் பயின்றார். 1853ஆம் ஆண்டில் இலண்டன் ஹார்லி தெருவில் பெண்களுக்கான சிறு மருத்துவ இல்லம் ஒன்றின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அப்போது அவருக்கு வயது முப்பத்து மூன்று. தந்தையார் மனமிரங்கி ஆண்டுக்கு 500 பவுன் செலவுக்கு அளித்தார். அனுமதி கேட்ட நாள்முதல் எட்டாண்டுகள் வீணே கழிந்திருந்தன.

போர்க்களத்து மருத்துவமனை

1854ஆம் ஆண்டில் பிரிட்டனும் பிரான்சும் துருக்கியோடு சேர்ந்து ரஷ்யாவை எதிர்த்துக் கிரிமியாவில் போரிட்டன. காயமுற்ற ஆங்கில வீரர்கள் கருங்கடலைக் கடந்து, கான்ஸ்டாண்டிநோபிளுக்கு எதிர்க்கரையில் உள்ள ஸ்குட்டாரிக்குக் கொண்டுவரப்பட்டனர். அங்கே கட்டுத்துணிக்கும் பஞ்சம் என்ற செய்தியை இலண்டன் டைம்ஸ் பத்திரிகை வெளியிட்டதும் நாடு கொதித்தெழுந்தது. போர்த்துறை அமைச்சரும் குடும்ப நண்பருமான சிட்னி ஹெர்பர்ட் அம்மையாரின் உதவியை நாடினார். 38 பெண்களை அழைத்துக்கொண்டு அக்டோபர் 21ஆம் நாள் புறப்பட்ட அம்மையார், நவம்பர் 4ஆம் நாள் ஸ்குட்டாரியை அடைந்தார்.

மருத்துவர்கள் அவரை வரவேற்கவில்லை. பெண்களுக்குப் போர் மருத்துவமனையில் என்ன வேலை என்று ஒதுக்கினர். அம்மையார் வாதாடவில்லை. மருத்துவர் பணித்தாலன்றி எவரும் நோயாளியைத் தொடலாகாது என்று தம் பெண்களுக்குக் கட்டளையிட்டு, கட்டுத்துணி தைத்துக்கொண்டு காத்திருந்தார். சில நாட்களில் காயமுற்றோர் வெள்ளமெனப் பெருகினர். மருத்துவர்களே வந்து அழைத்தனர். பின்னர் அடுக்களை ஒழுங்காயிற்று; துணி வெளுக்கத் தனி வீடு அமைந்தது; படைவீரரின் மனைவியர் அங்கு வேலை செய்தனர். இரவில் பிறர் உறங்கியபின், துருக்கி நாட்டுக் காகித விளக்கு ஒன்றை ஏந்தி, நெடிய படுக்கை வரிசைகளினூடே அம்மையார் நடந்து சென்றார். விளக்கேந்திய பெருமாட்டி என்று உலகம் அவரைப் போற்றலாயிற்று.

நம் பாடப் புத்தகங்கள் பெரும்பாலும் இவ்விடத்தோடு கதையை முடித்துவிடும். அம்மையாரின் உண்மைப் பெருமை இதற்குப் பின்னரே தொடங்குகிறது என்பது நம் துணிபு.

கணக்கு உரைத்த உண்மை

அந்த முதற் குளிர்காலத்தில் ஸ்குட்டாரியில் சாவு குறையவில்லை, கூடியது. நாலாயிரத்துக்கு மேற்பட்ட வீரர்கள் மாண்டனர். காயத்தால் இறந்தவரினும் வாந்திபேதி, சீதபேதி, நச்சுக்காய்ச்சல் ஆகியவற்றால் இறந்தவரே மிகப் பலர். 1855ஆம் ஆண்டு பிப்ரவரியில் நோயாளிகளுள் நூற்றுக்கு 42 பேர் என்னும் அளவில் சாவு நிகழ்ந்தது. கட்டடத்தின் அடியில் சாக்கடைகள் அடைபட்டுக் கிடந்தன. குடிநீர் வரும் வாய்க்காலில் செத்த குதிரை ஒன்று கிடந்தது. மார்ச்சு மாதத்தில் இலண்டனிலிருந்து சுகாதாரக் குழு ஒன்று வந்து, சாக்கடையைக் கழுவி, நீரைத் தூய்மை செய்து, காற்றோட்டத்துக்கு வழி வகுத்தது. ஜூன் மாதத்தில் சாவு நூற்றுக்கு 2 என்னும் அளவுக்கு இறங்கிற்று.

அன்பும் உழைப்பும் விளக்கும் இருந்த இடத்திலேயே நாலாயிரம் பேர் மாண்டனர். சாக்கடை தூய்மையானதும் சாவு நின்றது. இதைவிடக் கடுமையான பாடம் உண்டோ?

1856ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அம்மையார் தாயகம் திரும்பினார். ஊர்வலமும் வாழ்த்தொலியும் காத்திருந்தன. அவற்றை விலக்கி, எவரும் அறியாமல் வந்து வீடு சேர்ந்தார். வீரர்கள் உணவின்றியும் உடையின்றியும் வாடி, மீள முடியாத நிலையில் மருத்துவமனைக்கு வந்ததே சாவுக்குக் காரணம் என்று முதலில் அவர் எண்ணியிருந்தார். வில்லியம் பார் என்னும் புள்ளிவிவர அறிஞரோடு அமர்ந்து கணக்குகளை ஆராய்ந்தபோது, மருத்துவமனையின் கேடே பெருங்காரணம் என்பது வெளிப்பட்டது. தாம் தலைமை தாங்கிய இடமே பலருக்குக் கொலைக்களமாயிற்று என்று அறிவது எளிய செய்தியன்று. உலகம் தெய்வமெனப் போற்றும் வேளையில் அவ்வுண்மையை மூடி வைப்பது மிக எளிது. அம்மையார் மூடி வைக்கவில்லை. மாதவாரியாகச் சாவுகளின் காரணங்களை வண்ணப் படங்களாக வரைந்து, எண்களைப் படிக்கப் பொறுமையற்ற அமைச்சர்களும் ஒரே நோக்கில் உணருமாறு 1858ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதே ஆண்டில் இலண்டன் புள்ளியியல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. அக்கழகம் ஏற்ற முதற் பெண் உறுப்பினர் அவரே.

கிரிமியாவில் பற்றிய காய்ச்சலின் விளைவாக, 1857ஆம் ஆண்டு முதல் பல்லாண்டுகள் அவர் பெரும்பாலும் படுக்கையிலேயே இருந்தார். உலகத்தின் நோயாளிகளுக்காக உழைத்தவர் தாமும் நோயாளியாகவே இருந்து உழைத்தார்.

தொழிலின் அடித்தளம்

1859ஆம் ஆண்டில் செவிலியைப் பற்றிய குறிப்புகள் என்னும் சிறு நூலை அம்மையார் எழுதினார். தூய காற்று, தூய நீர், வெளிச்சம், வெப்பம், அமைதி, காலத்தில் ஏற்ற உணவு ஆகியவற்றைச் செவ்வனே அமைத்தால் இயற்கை தானே நோயைக் குணப்படுத்த இயலும் என்பது அதன் சாரம். செவிலிக்கு இன்றியமையாத திறம், கூர்ந்து நோக்குதல் என்றார். நோயாளி என்ன உண்டார், எவ்வளவு உறங்கினார், நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன வேறுபாடு என்பவற்றை ஊகித்துக் கூறாமல், கண்டு குறிக்க வேண்டும். இன்று நம் மருத்துவமனைகளில் படுக்கையருகே தொங்கும் குறிப்பேடு இந்நெறியின் வழி வந்ததே.

மக்கள் நன்றியுடன் திரட்டிய நிதி 45,000 பவுன் அளவில் சேர்ந்திருந்தது. அதைக் கொண்டு 1860ஆம் ஆண்டில் இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. ஒழுக்கமும் ஓராண்டுப் பயிற்சியும் அங்கே கட்டாயம். அங்குத் தேர்ந்தவர்கள் பிற இடங்களுக்குச் சென்று தாமும் பயிற்றுவிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஒரு விளக்கிலிருந்து பல விளக்குகளை ஏற்றுவது போன்றது அது. ஆக்னஸ் ஜோன்ஸ் என்னும் மாணவி 1865ஆம் ஆண்டில் லிவர்பூல் ஏழையர் விடுதி மருத்துவமனையை ஏற்று, மூன்றாண்டில் நச்சுக்காய்ச்சலுக்குத் தம்மையே பலி கொடுத்தார். லூசி ஆஸ்பர்ன் 1868ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் சிட்னிக்குச் சென்றார்.

இந்தியாவும் அம்மையாரும்

அம்மையார் இந்திய மண்ணை மிதித்ததில்லை. ஆயினும் நாற்பதாண்டுகளுக்கு மேல் இந்தியா அவர் நெஞ்சில் இருந்தது. இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படையின் உடல்நலம் பற்றி ஆராய 1859ஆம் ஆண்டில் அமைந்த அரசாணைக் குழுவுக்காக, படை முகாம்கள் யாவற்றுக்கும் வினாத்தாள் அனுப்பி, வந்த விடைகளைக் குவித்துப் படித்தார். 1863ஆம் ஆண்டு அறிக்கையின்படி ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு 69 வீரர்கள் மாண்டனர். பெரும்பாலும் நோயினாலேயே மாண்டனர். பத்தாண்டுச் சுகாதார முயற்சிக்குப்பின் அது ஆயிரத்துக்கு 18 ஆகக் குறைந்தது என்று அவரே கணக்குக் காட்டினார்.

படைவீரரில் தொடங்கிய நோக்கு, முகாமைச் சூழ்ந்த சிற்றூர் மக்களிடம் வந்து சேர்ந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சம் அவரைக் கலக்கிற்று. கொள்ளிடத்தில் அணைகள் கட்டிக் காவிரிப் பாசனத்தைச் சீர்செய்த சர் ஆர்தர் காட்டனோடு சேர்ந்து, நீர்ப்பாசனம் வேண்டும் என்று வாதாடினார். உணவும் நீரும் இல்லாத ஊரில் மருத்துவம் என்ன செய்யும் என்பது அவர் கவலை. செவிலியர் பயிற்சியும் இந்நாட்டில் வேரூன்றிற்று. 1871ஆம் ஆண்டில் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் தொடங்கிய பள்ளியை இந்தியச் செவிலியர் வரலாறு முன்னோடிகளுள் ஒன்றாகக் குறிக்கிறது.

குறையும் நிறையும்

அம்மையாரிடம் குறையே இல்லை என்று கூறுவது அவருக்கே ஏற்காது. நோய்க்குக் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் காரணம் என்னும் கொள்கையை ஏற்க அவர் மிகவும் தயங்கினார். செவிலியரை அரசு பதிவேட்டில் பதிய வேண்டும் என்ற கோரிக்கையை, எழுத்துத் தேர்வு நற்பண்பை அளக்காது என்று கருதி எதிர்த்தார்; இங்கிலாந்தில் அச்சட்டம் 1919ஆம் ஆண்டில்தான் வந்தது. அதே கிரிமியப் போரில் ஜமைக்காவைச் சேர்ந்த மேரி சீக்கோல் என்னும் கருநிறப் பெண்மணி தம் கைப்பொருளைச் செலவிட்டு வீரர்களைப் பேணினார். அவரையும் நன்றியுடன் நினைப்பது நமக்கு அழகு.

1907ஆம் ஆண்டில் ஆர்டர் ஆப் மெரிட் என்னும் உயரிய விருது, பெண்களுள் முதன்முதலாக அம்மையாருக்கு வழங்கப்பட்டது. 1910ஆம் ஆண்டு ஆகஸ்டு 13ஆம் நாள், தொண்ணூறாம் வயதில், இலண்டனில் உறக்கத்திலேயே உயிர் நீத்தார். அரசரும் புலவரும் துயிலும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்ய நாடு விரும்பியது. குடும்பத்தார் அதனை ஏற்காமல், ஹாம்ப்ஷயரின் சிற்றூர்க் கோயிலில் பெற்றோர் அருகே அடக்கம் செய்தனர். கல்லில் அவர் பெயருக்கு முதலெழுத்துகள் இரண்டு மட்டுமே பொறிக்கப்பட்டன.

அவர் பிறந்த நாள் இன்று உலகச் செவிலியர் நாள். இந்திய அரசு 1973ஆம் ஆண்டு முதல் அவர் பெயரால் செவிலியர்க்கு விருது வழங்கி வருகிறது. அவரது இருநூறாம் பிறந்த ஆண்டான 2020இல் பெருந்தொற்று உலகைச் சூழ்ந்தது. உற்றாரும் நெருங்க இயலாத அறைகளில், கவசமணிந்த செவிலியர் மட்டும் நோயாளியின் கையைப் பற்றி நின்றதை நாம் கண்ணாரக் கண்டோம். கைகழுவு, காற்று வரட்டும், கணக்கெடு என்னும் பழைய பாடமே அன்றும் பயன்பட்டது.

இவ்வளவும் அறிந்த நாம் நம் இல்லங்களை ஒருகணம் நோக்குவோம். செவிலியர் கையால் பிழைத்தெழுந்து நன்றி கூறும் நாமே, நம் வீட்டுப் பெண் அத்தொழிலைக் கற்க விரும்பினால் முகம் சுளிப்பதில்லையா? இரவு வேலை என்கிறோம். வரன் அமையாது என்கிறோம். 1845ஆம் ஆண்டில் ஒரு செல்வர் வீட்டில் எழுந்த சொற்களும் ஏறக்குறைய இவைதாம். அந்த வீட்டார் இறுதியில் வழிவிட்டனர்; உலகம் பயன் பெற்றது. நம் காலனியில் ஒரு மகளோ மகனோ இத்தொழிலை நாடி வந்து அனுமதி கேட்கும் நாளில், எட்டாண்டு காக்க வைக்காமல் வாழ்த்தி அனுப்புவோமாக. வள்ளுவர் எண்ணிய நான்காம் கூறு நம் குடும்பங்களிலிருந்தும் தழைப்பதாக!