மிட்டி என்றொரு பெயர்

இருக்கும் வாழ்வை மறந்து, இல்லாத வீர வாழ்வை மனத்துக்குள் நடத்துபவனை நாம் மனக்கோட்டை கட்டுபவன் என்கிறோம். ஆங்கிலம் பேசுவோர் அவனை வால்டர் மிட்டி என்பர். அகராதியிலும் ஏறிவிட்ட அப்பெயர் ஒரு சிறுகதை நாயகனுடையது. அவனைப் படைத்தவர் அமெரிக்க நகைச்சுவை எழுத்தாளர் ஜேம்ஸ் தர்பர்.

தர்பர் 1894 டிசம்பர் 8-ஆம் நாள் ஒகையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் பிறந்தார். தலைமேல் வைத்த ஆப்பிளை அம்பெய்து வீழ்த்திய வில்லியம் டெல் கதையைச் சிறுவயதில் நடித்து விளையாடியபோது, அண்ணன் விட்ட அம்பு அவர் கண் ஒன்றைப் பறித்தது. மற்றக் கண்ணும் நாளடைவில் மங்கியது.

1913-இல் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். தாவரவியல் வகுப்பில் நுண்ணோக்கி வழியே செல்கள் அவருக்குத் தெரியவேயில்லையாம். ஒருநாள் எதையோ கண்டு மகிழ்ந்து வரைந்தாராம். அது அவருடைய கண்ணின் பிம்பமே என்று ஆசிரியர் கொதித்தாராம். இதை அவரே 1933-இல் வெளிவந்த நூலில் சிரிக்கச் சிரிக்க எழுதியுள்ளார். பார்வைக் குறைவால் கட்டாய இராணுவப் பயிற்சியையும் முடிக்க இயலாமல், 1918-இல் பட்டமின்றி வெளியேறினார்.

1927-இல் நியூயார்க்கர் இதழில் பணியேற்றார். மிட்டியின் கதை அவ்விதழில் 1939 மார்ச் 18 அன்று வெளிவந்தது. மனைவியைக் காரில் ஏற்றிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போகிறான் மிட்டி. வாங்க வேண்டியவை ரப்பர்க் காலணியும் நாய்க்குட்டிக்கு பிஸ்கட்டும். போகும் வழியிலோ அவன் கப்பற்படைத் தளபதி, அறுவை மருத்துவன், போர் விமானி! இராணுவப் பயிற்சியை முடிக்க இயலாதவரின் எழுதுகோலிலிருந்தே இவ்வீரன் பிறந்தான் என்பது எண்ணத்தக்கது.

1940 முதல் பல அறுவைச் சிகிச்சைகள் நடந்தும் பார்வை பெரும்பாலும் போயிற்று. தர்பர் ஓயவில்லை. பெரிய தாள்களில் தடித்த கோடுகளால் படம் வரைந்தார். கதைகளை மனத்திலேயே எழுதித் திருத்தி, பிறரிடம் சொல்லி எழுதவைத்தார். 1961 நவம்பர் 2-ஆம் நாள் மறைந்தார். அவர் படித்த பல்கலைக்கழகம் 1995-இல் அவருக்குப் பட்டம் வழங்கியது. வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். நான் பட்டதாரியாவது என்பதே மனக்கோட்டை என்று நகைத்த உறவினர் உண்டு. தர்பருக்குத் தெரியாத செல்கள் எங்கள் ஆய்வகத்தில் எனக்குத் தெளிவாகத் தெரிகின்றன. அவர் உயிரோடு பெறாத பட்டத்துக்கு எனக்கு இன்னும் ஓராண்டே இருக்கிறது. நண்பர்களே, மிட்டியின் கனவு கனவாகவே நின்றது. தர்பரின் கனவோ உழைப்பால் கதையாயிற்று. கோட்டை மனத்தில் எழுவதில் குற்றமில்லை. ஒரு செங்கல்லையேனும் நிலத்தில் வைப்போம்.