தத்துவபோதகரும் பறங்கி என்னும் சொல்லும்

ஞாயிறுதோறும் கோவிலுக்குப் போய்ப் பூசை காண்கிறீர்கள். இவ்விரு சொற்களும் நமக்கு வழக்கமாவதற்காக ஒரு குருவானவர் பட்ட பாட்டை அறிவீர்களா?

1577-இல் இத்தாலியப் பிரபு குலத்தில் பிறந்த இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி, 1605-இல் கோவாவுக்கும் மறு ஆண்டு மதுரைக்கும் வந்தார். அங்கே முன்னரே உழைத்துவந்த கொன்சாலோ பெர்னாந்து சுவாமியார், ஞானஸ்நானம் பெற வருவோரிடம், பறங்கிக் குலத்தில் சேர விருப்பமா என்று கேட்பது வழக்கம். அவர் மனத்தில் பறங்கி என்றால் கிறிஸ்தவன். கேட்போர் காதிலோ, மாட்டிறைச்சி தின்று, மது அருந்தி, ஆசாரமின்றித் திரிபவன் என்றே விழுந்தது. பிராங்கு என்னும் ஐரோப்பிய இனத்தின் பெயர் அரபியர் வழியாக வந்து, தமிழில் வசையாகிவிட்டிருந்தது. உயர்குலத்தார் ஒருவரும் வராததில் வியப்பென்ன?

நொபிலி அந்தக் கேள்வியை நீக்கினார். காவி உடுத்தார், தமிழும் வடமொழியும் தெலுங்கும் கற்றார். தத்துவபோதகர் என்றே அழைக்கப்பட்டார். இஸ்பிரீத்து சாந்து என்பன போன்ற போர்த்துக்கேயச் சொற்கள் மலிந்திருந்த இடத்தில், ஊரறிந்த சொற்களுக்கே புதுப்பொருள் தந்து வழங்கினார். சாதி வேற்றுமையோடு அவர் ஒத்துப்போனது நமக்கு இன்று உவப்பன்று. அது வேறு கதை.

பிறசமய வழக்கங்கள் விசுவாசத்தைக் கெடுக்குமென்று பெர்னாந்து சுவாமியாரே மேலிடத்துக்கு முறையிட்டார். 1619-இல் கோவாவில் கூடிய சபையிலும் கடும் எதிர்ப்பு. 1623-இல்தான் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார் பூணூல், குடுமி, சந்தனம் ஆகியவற்றை நிபந்தனைகளோடு அனுமதித்தார்.

வேடிக்கை என்னவென்றால், மறைமலையடிகளின் தனித்தமிழ் இயக்கம் 1916-இல் எழுந்தபின், அதே சொற்களுக்கு எதிர்த்திசையிலிருந்து ஆட்சேபம் வந்தது. சர்வேசுரனும் ஞானஸ்நானமும் வடமொழியாம்! இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் (1962–65) திருப்பலி, திருமுழுக்கு என்பன ஏடுகளில் ஏறின. அற்றனிலும் நுவரெலியாவிலும் நம் பாட்டிமாருக்கோ அது பூசைதான். அரசனையும் தலைவனையும் குறித்த துரை என்ற சொல், நம் மலைகளில் தோட்ட அதிகாரியைக் குறித்ததே. அதற்கு யாரிடம் அனுமதி கேட்டோம்?

பறங்கியும் பொருள் மாறியது. நொபிலி அஞ்சிய அச்சொல்லையே இலங்கைத் தமிழர் வசையேதுமின்றி ஒரு சமூகத்தின் பெயராகப் பறங்கியர் என்று வழங்குகிறோம். முதுமையில் அவர் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப்பட்டார். பின்னர், பார்வை மங்கிய நிலையில், மயிலாப்பூரில் 1656-இல் இறந்தார். அவ்விடத்துக்குச் சற்றுத் தொலைவிலுள்ள புனித தோமையார் மலையை மக்கள் பறங்கிமலை என்றே அழைக்கிறார்கள்.